“எனக்கு இன்னொரு அம்மா இருக்காங்க” என்கிறான் மகன்

கேள்வி: எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். மகனுக்கு நாலரை வயது. மூன்று வயது நிறைவதற்கு முன்பிருந்தே, “எனக்கு இன்னொரு அம்மா இருக்காங்க, நான் லாரி ஓட்டினேன், லாரி கவுந்துருச்சு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். ஏர்ஹாரன் சத்தம் கேட்டால் என் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறான். ஆறு வருடத்துக்கு முன்பு விபத்தில் இறந்துபோன ஒரு டிரைவர் பையன்தான் வந்து பிறந்திருக்கிறான் என்று என் மாமியார் உறுதியாக நம்புகிறார். அந்தக் குடும்பம் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அடுத்த மாதம் இவனை அங்கே கூட்டிப்போய், வீடியோ எடுத்து யூடியூபில் போட வேண்டும் என்கிறார் கொழுந்தனார். “கதை விடுறான், ரெண்டு போட்டா சரியாகிடும்” என்கிறார் கணவர். நம் நாட்டில் விஞ்ஞானிகள் இதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்களா? நான் யார் பேச்சைக் கேட்பது? நேற்று இரவு தூங்கப் போகும்போது, “அந்த அம்மா இப்போ அழுவாங்களா?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதப் பயணத்தை நிறுத்துங்கள். வீடியோ வேண்டாம். அடியும் வேண்டாம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதில். உங்கள் மாமியாரும் கணவரும் கொழுந்தனாரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும்படி எழுதுகிறேன்.

ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் ஸ்டீவன்சன் 1961ல் இதற்காகவே இந்தியா வந்தார். அப்புறம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார். 2007ல் அவர் இறப்பதற்குள், அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் பல நாடுகளிலிருந்து 2,500க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைத் திரட்டியிருந்தார்கள். இங்கே பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் மருத்துவ உளவியலாளராக இருந்த சத்வந்த் பஸ்ரிச்சா இதே வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். ஆக்ரா மாவட்டத்தின் ஃபதேகாபாத் பகுதியில் அவரும் டேவிட் பார்க்கர் என்ற மானுடவியலாளரும் நடத்திய கணக்கெடுப்பு 1979ல் வெளிவந்தது. சுமார் 450 பேருக்கு ஒருவர் சிறுவயதில் முன்ஜென்மம் பற்றிப் பேசியிருந்ததாக அதில் தெரிந்தது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் 1967லேயே உளவியலோடு, மறுபிறவி, தொலையுணர்வு மாதிரி விஷயங்களை ஆராயும் அமானுட உளவியலையும் சேர்த்து ஒரு துறை இருந்தது, கே. ராமகிருஷ்ண ராவ் அதை நடத்தினார். ஆக, இது பேய்க்கதைப் பிரியர்கள் மட்டும் புழங்கும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவம் உண்டு. குழந்தை இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் பேச ஆரம்பிக்கும். ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் பேச்சு தானாக நின்றுவிடும். இறந்தவராகச் சொல்லப்படுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விபத்து, கொலை மாதிரி அகாலத்தில் போனவர்கள். அவர் செத்த விதத்தோடு ஒத்துப்போகிற ஒரு பயம் பல குழந்தைகளிடம் இருக்கும். உங்கள் மகன் இதில் அச்சு அசலாகப் பொருந்துகிறான். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த இல்லை. உங்கள் பிள்ளை விநோதமான பிள்ளை இல்லை, பைத்தியம் இல்லை, அநேகமாக இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் இதை மறந்தே போவான் என்பதற்காகச் சொல்கிறேன். ஐஸ்லாந்து உளவியலாளர் எர்லெண்டுர் ஹரால்ட்சன் 1990களில் இலங்கையில் இப்படிப் பேசும் பிள்ளைகளையும் அதே வயது மற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பேசும் பிள்ளைகளுக்குச் சொல்வளம் அதிகம் இருந்தது, படிப்பிலும் ஒரு படி மேலே இருந்தார்கள்.

அப்படியானால் மறுபிறவி நிரூபணமாகிவிட்டதா? இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கான விடை இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சாந்தி தேவி என்ற பெயரை உங்கள் மாமியார்கூடக் கேள்விப்பட்டிருக்கலாம். 1926ல் டெல்லியில் பிறந்தவர். மதுராவில் தனக்குக் கணவர் இருக்கிறார், தான் பிள்ளை பெற்றுச் செத்தவள் என்று சின்ன வயதிலிருந்தே சொன்னார். பள்ளியில் விஷயம் பரவி, மதுராவுக்குக் கடிதம் போனது. கேதார்நாத் சௌபே என்ற வியாபாரி, தன் மனைவி லுக்டி தேவி 1925ல் பிரசவத்துக்குப் பின் இறந்தது உண்மைதான் என்று பதில் எழுதினார். காந்தியே அந்தச் சிறுமியைச் சந்தித்தார். 1935 நவம்பரில் ஒரு பெரிய குழு அவரை ரயிலில் மதுராவுக்குக் கூட்டிப்போனது, 1936ல் அறிக்கை வெளியானது. வீட்டைக் காட்டினார், உறவினர்களை அடையாளம் சொன்னார் என்று நாடே பேசியது.

ஆனால் அந்தக் குழு ரயில் ஏறுவதற்கு முன்பே, கேதார்நாத்தின் உறவினர் ஒருவர் டெல்லிக்கு வந்து சிறுமியைப் பார்த்துப் பேசிவிட்டார். பிறகு கேதார்நாத்தே மகனோடு வந்து போய்விட்டார். அந்த நாட்களில் அந்த வீட்டில் யார் என்ன கேட்டார்கள், சிறுமி காதில் என்னென்ன விழுந்தது, யாருக்குத் தெரியும்? மதுராவில் அவர் சொன்னதில் எது தானாக வந்தது, எது டெல்லியில் கேட்டது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. அதே 1936ல் பால்சந்த் நாஹட்டா என்பவர் இதைக் கேள்வி கேட்டு இந்தியில் எழுதினார். சண்டை இன்றுவரை தீரவில்லை, இனித் தீரவும் தீராது. இரண்டு குடும்பமும் சந்தித்த நிமிடமே கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விட்டது.

இதற்கு நேர்மாறாக ஒரு அப்பா நடந்துகொண்டார். பரேலியில் கே.கே.என். சஹாய் என்று ஒரு வக்கீல். அவருடைய மூன்று வயதுப் பிள்ளை தன்னைக் காசியைச் சேர்ந்தவன் என்று சொல்லத் தொடங்கினான். சஹாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காசிக்கு ஓடவில்லை. பிள்ளை சொன்னதையெல்லாம் எழுதி, 1926ல் பத்திரிகைக்கு அனுப்பினார். இப்படிச் சொல்கிறான், யாராவது விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். சொன்னது என்ன, எப்போது சொன்னது என்பது முதலில் அச்சில் வந்துவிட்டது, சரிபார்த்தது அப்புறம். இந்த ஒரு காரணத்துக்காகவே கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்தும் ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சம்பவத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த மனிதர் மீது எனக்குப் பெரிய மரியாதை.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் ஸைபோ ஸ்கௌட்டனும் ஸ்டீவன்சனும் 1998ல் ஓர் ஒப்பீடு வெளியிட்டார்கள். பிள்ளை சொன்னதை முன்கூட்டியே எழுதிவைத்த சம்பவங்களையும், எல்லாம் முடிந்த பிறகு பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்ன சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சரியாக அமைந்த கூற்றுகளின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பெரியவர்கள் ஊதிப் பெருக்குவதுதான் முழுக் காரணம் என்றால் இப்படி வந்திருக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். அது கவனிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் எழுதிவைத்த சம்பவங்கள் மொத்தத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வர என் மனம் ஒப்பவில்லை.

தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சி.டி.கே. சாரி, ஸ்டீவன்சனின் முடிவுகளை ஊர் உலகம் மெச்சிய காலத்திலேயே மறுத்து எழுதியவர். அந்தந்த ஊரின் நம்பிக்கைதான் குழந்தையின் பேச்சுக்கு இந்த உருவத்தைக் கொடுக்கிறது என்பது அவருடைய வாதம். பஸ்ரிச்சாவே 2001ல், தென்னிந்தியாவிலிருந்து இப்படிப்பட்ட சம்பவங்கள் ஏன் இவ்வளவு குறைவாக வருகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். என் பார்வையில், நம் பக்கம் பிள்ளைகள் இப்படிப் பேசாமல் இல்லை. நாம் அதை வேறு பெட்டியில் போட்டுவிடுகிறோம். தாத்தா பெயரை வைப்பதால்தான் பேரன் என்ற சொல்லே வந்தது. “அப்படியே எங்கப்பா நடை, அவரே வந்து பொறந்துட்டார்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குடும்பத்தைத் தேடிப் போவதில்லை.

சரி, உங்கள் பையன் பொய் சொல்கிறானா? உங்கள் கணவர் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். பொய் சொல்ல, உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் நடந்தது, கேட்டது, கனவில் கண்டது, மனதில் ஓட்டிப் பார்த்தது எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கும். எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கும் திறமை மூளையில் மெதுவாகத்தான் வளர்கிறது. அமெரிக்காவில் ஸ்டீபன் சீசி என்ற உளவியலாளரின் குழு 1994ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளிடம், நடக்காத ஒரு சம்பவத்தைப் பற்றி வாரம் ஒருமுறை கேட்டார்கள். “எலிப்பொறியில் உன் விரல் மாட்டிக்கிச்சாமே, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களாமே, நல்லா யோசிச்சுப் பாரு.” மிரட்டல் இல்லை, லஞ்சம் இல்லை, வெறும் கேள்வி. பத்து வாரம் கழித்து பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடக்காத ஒன்றையாவது நடந்ததாக விவரித்தார்கள். யார் தள்ளிவிட்டது, எந்த விரல், யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது என்று கோவையாகச் சொன்னார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்த நிபுணர்களுக்கே உண்மையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருந்தது.

உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை வருடமாக ஒரு பிள்ளையிடம் பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீடு, விருந்தாளி என்று எத்தனை பேர், எத்தனை முறை, “கண்ணு, உன் லாரி என்ன கலரு? அந்த அம்மா பேரு என்ன?” என்று கேட்டிருப்பார்கள்? ஒவ்வொரு முறையும் எத்தனை முகங்கள் அவனையே பார்த்திருக்கும்? வீட்டில் வேறு எப்போது அவனுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கிறது?

அப்புறம், நீங்கள் இருப்பது நாமக்கல் பக்கம். உங்கள் ஊரில் லாரியோடு சம்பந்தமில்லாத குடும்பம் எது? பாடி கட்டும் பட்டறை, டயர் கடை, டீக்கடையில் பேசுகிற விபத்துச் செய்தி, இதெல்லாம் பால்குடி மறக்காத பிள்ளையின் காதிலும் விழும். 2022ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். “லாரி கவுந்துருச்சு, அம்மா அழுதாங்க” என்று ஒரு பிள்ளை சொன்னால், முப்பது கிலோமீட்டர் சுற்றளவில் அதற்குப் பொருந்தும் ஒரு வீடு கட்டாயம் கிடைக்கும். ஒன்றென்ன, பத்து கிடைக்கும். அதில் உங்கள் மாமியாருக்குத் தெரிந்த வீடு தேர்வாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கு ஏன் போகக் கூடாது என்பதற்கு ஆராய்ச்சியைவிடப் பெரிய காரணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஐந்து வயதுப் பெண்குழந்தை ஒன்றை மருத்துவரான என்னிடம் அழைத்து வந்தார்கள். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். கிணற்றில் விழுந்து செத்த ஒரு சிறுமியாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட குழந்தை. பெற்றோர் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தத் தாய் இவளைக் கட்டிக்கொண்டு கதறினார், செத்த மகளின் கொலுசை எடுத்துவந்து இவள் காலில் போட்டார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பலகாரத்தோடு வந்தார். சில மாதம் கழித்து குழந்தை தன் போக்கில் எல்லாவற்றையும் மறக்கத் தொடங்கியது. அந்தத் தாயோ, “என்னை மறந்துட்டியா சாமி?” என்று ஒவ்வொரு வாரமும் அழுதார். குழந்தைக்குச் சனிக்கிழமை ராத்திரியானால் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. அதற்காகத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் தனியாக விளையாடவிட்டு மெல்லப் பேசியபோது, அவள் கொலுசைத் தொட்டுக்கொண்டே சொன்னாள்: “ஞாபகம் இருக்குன்னு சொன்னா அந்த அத்தை அழமாட்டாங்க டாக்டர்.” ஐந்து வயதுக் குழந்தை ஒரு தாயின் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அந்தத் தாய்க்கும் மகள் இரண்டாம் முறை செத்துப்போனாள். உங்கள் பிள்ளைக்கும், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த அம்மாவுக்கும் இது நடக்கக் கூடாது.

யூடியூப் இதைப் பத்து மடங்காக்கிவிடும். ஆறு வயதில் அவன் மறந்துவிடுவான். பதினாறு வயதில் வகுப்புப் பையன்கள் அந்த வீடியோவைத் தோண்டி எடுப்பார்கள். கொழுந்தனார் ஏற்கெனவே ஏதாவது வீடியோ எடுத்திருந்தால் அதை அழிக்கச் சொல்ல மாட்டேன், அது உங்கள் கையில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழு எதிலும் போகக் கூடாது.

அடக்கினால் என்ன என்று கணவர் கேட்பார். வடக்கே இப்படிப் பேசும் பிள்ளை அற்பாயுசில் போய்விடும் என்று பயந்து, குயவர் சக்கரத்தில் உட்காரவைத்து இடமாகச் சுற்றுவது, அடிப்பது என்று என்னென்னவோ செய்திருக்கிறார்கள். ஸ்டீவன்சனும், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சத்தாவும் 1990ல் இந்தியப் பிள்ளைகளின் விவரங்களை அலசினார்கள். தடுத்த வீட்டிலும் தடுக்காத வீட்டிலும் பேச்சு நின்ற வயது பெரிதாக மாறவில்லை. அடித்தால் பிள்ளை நிறுத்துவது உங்களிடம் மனசுவிட்டுப் பேசுவதைத்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அவன் தானாகச் சொன்னால் மட்டும், அவன் தூங்கிய பிறகு எழுதுங்கள். தேதி, நேரம், யார் பக்கத்தில் இருந்தார்கள், அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது, அவன் வாயில் வந்த சொல் அப்படியே. “புதன் காலை, குளிக்கும்போது. ‘என் லாரி நீலம்’ என்றான். யாரும் கேட்கவில்லை. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.” இந்த அளவு போதும். நீங்கள் அர்த்தம் சேர்க்காதீர்கள், இடைவெளியை நிரப்பாதீர்கள். போன வாரம் பச்சை என்று சொல்லியிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். உங்கள் மாமியார் நம்புவது உண்மையாகவே இருந்தாலும், அதற்குச் சாட்சி சொல்லக்கூடியது இந்த நோட்டு ஒன்றுதான். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அத்தை, இப்பவே கூட்டிட்டுப் போனா, நாமதான் சொல்லிக்கொடுத்தோம்னு ஊரே சொல்லும். எழுதி வெப்போம், எட்டு வயசு ஆகட்டும்.” அவருடைய நம்பிக்கையோடு நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. தாயத்து கட்ட ஆசைப்பட்டால் கட்டட்டும். பிள்ளையை மிரட்டுகிற, சாட்டையால் அடிக்கிற இடத்துக்கு மட்டும் விடாதீர்கள்.

வீட்டில் எல்லோரும் கேள்வியை நிறுத்த வேண்டும். அவன் பேசினால், “அப்படியா கண்ணு” என்று கேட்டுக்கொண்டு, கையில் இருக்கும் வேலையைத் தொடருங்கள்.

ஏர்ஹாரன் பயத்துக்கு முன்ஜென்மம் தேவையில்லை. அந்தச் சத்தத்துக்கு நாலு வயதுப் பிள்ளை பயப்படுவது இயல்பு. பொம்மை லாரியில் ஆரம்பியுங்கள், நிற்கிற லாரியைத் தூரத்திலிருந்து காட்டுங்கள், அப்புறம் கொஞ்சம் பக்கத்தில். அவன் அவசரப்படாதவரை நீங்களும் அவசரப்படாதீர்கள். ராத்திரி அலறி எழுவது வாரத்தில் பலமுறை நடந்தால், படுக்கையில் சிறுநீர் போவது நின்ற பிறகு திரும்ப வந்தால், உங்களை அம்மா இல்லை என்று தள்ளினால், கூப்பிட்டாலும் தெரியாமல் சில நொடி வெறித்துப் பார்த்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். கடைசியில் சொன்ன அறிகுறி வலிப்பாகக்கூட இருக்கலாம், அதற்கு மட்டும் தாமதிக்கவே கூடாது.

இனி, நேற்று இரவு அவன் கேட்டது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது அந்த வரிதான். “அந்த அம்மா” யாராக இருந்தாலும், அவர் அழுவதற்குத் தான் பொறுப்பு என்று அவன் நினைக்க ஆரம்பித்துவிட்டான். மறுபடி கேட்டால், பக்கத்தில் படுத்து, முதுகில் கை வைத்துச் சொல்லுங்கள்: “அழுதாலும் அவங்களைப் பார்த்துக்க அவங்க வீட்டுல பெரியவங்க இருக்காங்க கண்ணு. அது உன் வேலை இல்ல. நான் இங்கதான் இருக்கேன், நீ தூங்கு.” அவன் தூங்கும்வரை கையை எடுக்காதீர்கள்.